முப்பத்தேழாம் நம்பர் கால்

10.6.2025, செவ்வாய்

நாற்காலி இறங்கிவிட்டது. உடையவில்லை. உடைந்திருந்தால்கூடத் தேவலை.

ஷபீ சார் மீட்டிங் நடத்துகிறார். எங்கள் ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனுக்கு அவர்தான் மேனேஜர். ஸ்க்ரீனில் ஜெர்மனி பையர் அம்மா. நான் புது கலர் விவரத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன். அடியில் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், நான் மெதுவாகக் கீழே போகிறேன்! வாசிப்பதை நிறுத்தினேனா? இல்லை. என் திமிர் அப்படி. கடைசி வரி வாசிக்கும்போது என் மோவாய் மேஜைக்கு வந்துவிட்டது. ஜெர்மனி அம்மா மட்டும்தான் சிரிக்கவில்லை, நெட்வொர்க் மாட்டிக்கிட்டதா என்று கேட்டாள்.

எட்டு வருஷமா ஒரே சீட்டு. மெயில், எக்செல், மெயில். டீ சீட்டுக்கே வரும். சமோசா சீட்டுக்கே வரும். பக்ரீத் முடிந்து ரெண்டு நாளாக பக்கத்து சீட்டு லுப்னா வீட்டு பிரியாணியும் சீட்டுக்கே வந்தது. நாற்காலி இன்னா பண்ணும் பாவம்.

11.6.2025, புதன்

ராத்திரி சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் அங்கே நின்று சிரித்தார். பெயர் புகழேந்தி. மொபைல் கடை வைத்திருக்கிறார். அவரே இடுப்பு பெருத்து மூணு மாசத்துக்கு ஒரு பேண்ட் மாத்துகிற ஆள்தான்.

முடிவு பண்ணிட்டேன். ஜிம் எல்லாம் நமக்கு ஆகாது. ஒன்றே ஒன்று: ஆபீஸில் யாருக்கும் போன் பண்ண மாட்டேன், வாட்ஸ்அப்பும் அனுப்ப மாட்டேன். கட்டிங்கில் ஒரு சந்தேகமா? எழுந்து போ. பேக்கிங்கில் ஒரு லேபிளா? எழுந்து போ. கம்பெனி இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு தெரு நீளம் இருக்கு, சும்மா கிடக்குது.

என் பங்கு சமோசா இனி லுப்னாவுக்கு.

14.6.2025, சனி

இன்று ஃபிட் டிரையல். இதைப் பற்றி நான் எழுதியதே இல்லை, ஏன்? என் வாழ்க்கையில் நான் ராணியாக இருப்பது இந்த ஒரு வேலையில்தான்.

ஒரு மாடல் ஷூ ஆயிரக்கணக்கில் தைக்கப் போவதற்கு முன்னால், முதலில் ஒரே ஒரு ஜோடி செய்வார்கள். முப்பத்தேழாம் சைஸ். அதை ஒரு நிஜமான கால் போட்டு நடந்து பார்த்துச் சரி என்று சொல்லணும். எங்கள் கம்பெனிக்கு அந்தக் கால் என் கால்! சேர்ந்த புதிதில் எல்லாப் பெண்களுக்கும் அளந்தார்கள். பையர் கொடுத்த அளவோடு மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது என்னுடையது மட்டும். மாஸ்டர் வாஹித் பாஷா டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "மாஷா அல்லாஹ், அமிர்தாம்மா, அச்சுல வார்த்த மாதிரி இருக்கு" என்றார்.

சின்ன வயசிலிருந்து என் இடுப்புக்கு ஒரு பேர், கைக்கு ஒரு பேர், கன்னத்துக்கு ஒரு பேர். எல்லாமே ஜாஸ்தி. இந்த உடம்பில் ஒரு இடத்தைப் பார்த்து 'சரியா இருக்கு' என்று ஒருத்தர் சொன்னது அன்றைக்குத்தான்.

இன்றும் பாத்ரூமில் கால் மணி நேரம் மெட்டியோடு மல்லுக்கட்டினேன். மூடின ஷூவில் மெட்டி போட்டால் குத்தும், அளவும் தப்பாகும். சோப்பு போட்டுச் சுற்றிச் சுற்றி இழுத்தால்தான் வருது. கல்யாணத்துக்கு மாமியார் ஆசையாக வாங்கிப் போட்டது, அத்தைக்குத் தெரிந்தால் என்னை வீட்டை விட்டே அனுப்பிடுவாங்க. தெரியாது, டிபன் டப்பாவில் வைத்துக்கொள்வேன்.

23.6.2025, திங்கள்

பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி எடை போடுகிற மெஷின் இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றேன். பேக்கிங் சூப்பர்வைசர் பாண்டியன் ஓடி வந்து, "மேடம், நெட் வெயிட்டா, கிராஸ் வெயிட்டா?" என்றான்.

"இன்னா வித்தியாசம்?"

"செருப்போட நின்னா கிராஸ். செருப்பு இல்லாம நெட்."

செருப்பைக் கழற்றினேன். நடக்க ஆரம்பித்த அன்றைக்குப் பார்த்ததைவிட ரெண்டு கிலோ கம்மி!! ரெண்டு வாரத்தில்! பாண்டியன் அதை அட்டைப்பெட்டி ஸ்டிக்கரில் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தான். 'மேட் இன் இந்தியா' என்று வேறு போட்டிருந்தது. பீரோவுக்குள் ஒட்டிவிட்டேன்.

சூப்பர்வைசர்களுக்குத்தான் பேஜார். நான் நேரில் வந்து நின்றாலே ஆடிட் என்று நினைத்து மேஜையைத் துடைக்க ஆரம்பிக்கிறார்கள்.

5.7.2025, சனி

வெளியிலிருந்து கூப்பிட்ட கூரியர்காரனோடு போன் பேசிக்கொண்டே மாடி ஏறினேன். மூச்சு வாங்கல! அந்தப் பக்கம் பேசினவனுக்கு ஒண்ணுமே தெரியல!!

18.7.2025, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அத்தை கூழ் ஊற்றினார்கள். எங்கள் அத்தை ரங்கம்மாள் கை கூழுக்குத் தெருவே சொம்போடு வரும். நான் அரை சொம்போடு நிறுத்திக்கொண்டேன். அவ்வளவுதான்.

"இன்னாடீ, கண்ணு உள்ள போயிட்சு. பாக்கறவங்க இன்னா சொல்வாங்க? மாமியார்க்காரி சோறு போடலைன்னு சொல்வாங்க."

"யாரும் சொல்ல மாட்டாங்க அத்தை. இன்னும் நான் வாசல்ல நின்னா வெளிச்சம் மறைக்குது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றப் பார்த்தார்கள். சொம்பை நகர்த்திவிட்டேன். நான் யார்!

6.8.2025, புதன்

பெரிய நாள். ஜெர்மனி அம்மா அடுத்த வருஷ வசந்தத்துக்கு ஒரு லோஃபர் கேட்டிருக்கிறாள். இது வந்தால் மூணாவது லைன் மறுபடி ஓடும். இந்த வருஷம் ஆர்டர் கம்மி, அந்த லைன் மெஷின்கள் எல்லாம் துணி போர்த்தித் தூங்குகின்றன. அங்கே தைத்த பெண்களைப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியாச்சு, மீதிப் பேர் பேக்கிங்கில் டேப் ஒட்டுகிறார்கள். எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் முகமே எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "மேடம், லோஃபர் இன்னா ஆச்சு?"

லோஃபருக்கு லேஸ் கிடையாது. காலை அதுவே கவ்விப் பிடிக்கணும், இல்லாட்டி நடக்கும்போது குதிகால் நழுவும். போட்டு நடந்தேன். கொஞ்சம் நழுவியது. சொன்னேன். வாஹித் பாஷா லாஸ்ட்டைக் கொஞ்சம் தேய்த்து இறக்குகிறேன் என்றார். லாஸ்ட் என்றால் கால் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் அச்சு, அதன் மேல்தான் ஷூவை இழுத்துக் கட்டுவது. அது குண்டானால் ஷூ லூஸ், ஒல்லியானால் டைட்.

பேக்கிங் மெஷின்: மொத்தம் ஆறு கிலோ கம்மி. பாண்டியன் கைதட்டினான். டேப் ஒட்டுகிற பெண்களும் தட்டினார்கள்.

20.8.2025, புதன்

ரெண்டாவது டிரையல். இன்னும் நழுவுது. "அளந்துதானே இறக்குனேன்" என்று வாஹித் பாஷா தாடியைச் சொறிந்தார். இன்னும் இறக்கப் போகிறார். என் கால் பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும்.

மெட்டி இன்னைக்குச் சோப்பே இல்லாமல் சட்டென்று வந்தது. கால் மணி நேரம் மிச்சம்! பழைய சுடிதார் தோளில் நிற்கமாட்டேங்குது. லுப்னா என் பங்கு சமோசாவைக் கடித்துக்கொண்டே, "அக்கா, நீ இளைக்க இளைக்க எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

வயிறு எரியுறவ சாப்பிடுற லட்சணமா இது?

3.9.2025, புதன்

பொருந்திடுச்சு!!!

மூணாவது சாம்பிள். போட்டதும் தெரிந்துவிட்டது. கையுறை மாட்டின மாதிரி. வராண்டா முழுக்க நடந்தேன், திரும்பினேன், படி ஏறினேன், இறங்கினேன். ஒரு நழுவல் இல்லை. ஷபீ சார் எழுந்து நின்று, "அமிர்தா ஓகேன்னா உலகமே ஓகே" என்றார். திங்கள்கிழமை மதியம் தோல் வெட்டும் கத்திகளுக்கு ஆர்டர் போகிறது, சாம்பிளும் அன்றைக்கே ஜெர்மனிக்கு கூரியர். கத்தி செய்துவிட்டால் அப்புறம் மாற்றமே கிடையாது.

பேக்கிங்குக்கு நானே ஓடிப்போய்ச் சொன்னேன். ஓடிப்போய்! நான்! ஒரு பெண் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

7.9.2025, ஞாயிறு

காலையில் இவரோடு வேலூர் லாங் பஜார். சின்ன சைஸ் சுடிதார் வாங்க! கடைக்காரர் எடுத்துப் போட்டதை ட்ரையல் ரூமில் போட்டுப் பார்த்துவிட்டு, இதைவிடச் சின்னது கொடுங்க என்றேன். இந்த வாக்கியத்தை என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. ரெண்டு தடவை சொல்லலாமா என்று இருந்தது. கைவண்டிக்கும் ஸ்கூட்டிக்கும் நடுவில் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அத்தை பார்த்துவிட்டார்கள்.

"ஒரு மெட்டி எங்கடீ?"

வலது கால் வெறும் விரல். லாங் பஜாரில் எங்கேயோ நழுவி விழுந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்லை.

"ஐயோ, தானா கழண்டுக்கினு போச்சா? புருசனுக்கு ஆவாதுடீ அது!" என்று அத்தை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். 'புருசன்' பக்கத்திலேயே நின்று வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். "அத்தை, அவர் நல்லாத்தான் இருக்காரு. விரல் இளைச்சா மெட்டி லூஸ் ஆகாதா? மெட்டி அப்படியேதான் இருக்கு, என் விரல்தான்—"

குனிந்து கால் விரலைப் பார்த்தேன்.

இடது கால் மெட்டியைத் தொட்டேன். அதுவும் கையோடு வந்தது.

மெட்டி அப்படியேதான் இருக்கு. ஷூவும் அப்படியேதான் இருந்திருக்கும். லோஃபர் லூஸ் இல்ல. என் காலுதான் இளைச்சுப் போச்சு. கடவுளே, காலு கூடவா இளைக்கும்? இளைக்குமே! எனக்கு ஏன் தோணல?

தையல் டப்பாவிலிருந்து டேப் எடுத்து அளந்தேன். பாதத்தின் சுற்றளவு ஆறு மில்லிமீட்டர் கம்மி. ரெண்டு காலும். மறுபடி அளந்தேன். இவரை அளக்கச் சொன்னேன். ஆறுதான். வாஹித் பாஷா ரெண்டு தடவை இறக்கியது ஷூவுக்காக இல்லை, ஓடிக்கிட்டிருந்த என் காலைத் துரத்திக்கிட்டு. நாளைக்கு மதியம் கத்திக்கு ஆர்டர் போனால் எல்லா ஜோடியும் டைட். அந்த ஊர்ப் பெண்கள் காலே நுழையாது. ஆர்டர் கேன்சல். மூணாவது லைன்—

சொன்னால்? சொன்னால் நான் இனி ஃபிட் கால் இல்லை. அவ்வளவுதான். சும்மா மெயில் அடிக்கிற அமிர்தவள்ளி. என் உடம்பில் சரியா இருந்த ஒரே இடம், அதையும் நானே கரைச்சுட்டேனா?

அழுதேன். ரொம்பவே அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப யோசித்து, "ரெண்டு பிரியாணி வாங்கியாரட்டா? காலைக்குள்ள கால் ஏறிடும்" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வாங்கிட்டு வாங்க என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன்.

வேண்டாம்னுட்டேன்.

8.9.2025, திங்கள்

பஞ்ச் அடித்ததும் நேராக சாம்பிள் ரூம். போனில் சொல்லலாம் என்று கை துறுதுறுத்தது. நடந்தே போனேன்.

"பாய், ஷூ லூஸ் இல்ல. என் கால் இளைச்சுடுச்சு."

வாஹித் பாஷா முதலில் சிரித்தார். அப்புறம் டேப் எடுத்தார். அளந்தார். டேப்பைச் சுருட்டவில்லை, அப்படியே கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முந்தியே சொல்லக் கூடாதாம்மா?"

"எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது பாய். மெட்டி கழண்டு விழுந்துச்சு."

"நானாவது அளந்திருக்கணும்" என்றார். "லாஸ்ட்டை மூணு தடவை அளந்தேன். காலை அளக்கவே இல்ல. அமிர்தாம்மா கால்தானேன்னு விட்டுட்டேன்."

கத்தி ஆர்டரையும் கூரியரையும் நிறுத்தினார்கள். ஷபீ சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, வேற கால் தேடணும்" என்று மட்டும் சொன்னார். வேற கால். மதியம் சாப்பிடவே பிடிக்கவில்லை, அதனால் இன்னும் இளைத்திருப்பேன்.

10.9.2025, புதன்

கம்பெனியில் முப்பத்தேழு போடுகிற பெண்கள் செருப்பைக் கழற்றி வரிசையில் நின்றார்கள். அளவுக் கணக்கு எழுத என்னையே உட்கார வைத்தார்கள், கொடுமையைப் பாருங்க. ஒருத்திக்கு நீளம் சரி, அகலம் கம்மி. ஒருத்திக்கு அகலம் சரி, பெருவிரல் பக்கத்தில் எலும்பு. "மாஸ்டர், கூச்சமா இருக்கு" என்று ஒருத்தி சிரித்ததில் மூணு தடவை அளக்க வேண்டியதாகிவிட்டது. மூணாவது லைன் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டாள், கொஞ்சம் பொருந்தித் தொலையேன் என்பது மாதிரி.

யாரும் பொருந்தவில்லை.

12.9.2025, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது.

டீ டைம். லுப்னா வழக்கம்போல ரெண்டு சமோசாவோடு உட்கார்ந்திருந்தாள், அவளுது ஒன்று, என்னுது ஒன்று. "செருப்பெல்லாம் பிடிக்குதுக்கா, இந்தத் தோல் சுருங்கிடுச்சு போல" என்று வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். சமோசாவைப் பார்த்தேன். மறுபடி காலைப் பார்த்தேன்.

"லுப்னா, உன் சைஸ் இன்னா?"

"முப்பத்தேழுதான். ஆனா நான் ஒல்லிக் கால்க்கா, சேர்ந்தப்பவே அளந்து பாத்து மாஸ்டர் வேணாம்னுட்டாரே. அதான் இந்தத் தடவை நிக்கல."

அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பாதி சமோசா இன்னும் வாயில் இருந்தது. வாஹித் பாஷா அளந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மில்லிமீட்டர் பிசகாமல் என்னோட பழைய அளவு!

ஜூனிலிருந்து நான் வேண்டாம் என்று தள்ளினது எல்லாம் இங்கேதான் போயிருக்கிறது. மேஜை விட்டு மேஜை.

"யா அல்லாஹ், நான் குண்டாயிட்டேனா?" என்று லுப்னா அலறினாள். "நாளைலேருந்து நானும் உங்கூட நடக்கறேன்க்கா!"

"யாரும் நடக்கக் கூடாது!" என்று வாஹித் பாஷா போட்ட சத்தத்தில் கட்டிங் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. "ஆர்டர் முடியற வரைக்கும் நீ சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சமோசா நான் வாங்கித் தர்றேன்."

13.9.2025, சனி

லுப்னாவுக்கு முதல் டிரையல். தேய்த்து இறக்காத, பழைய அளவு லாஸ்ட்டில் புதிதாகக் கட்டின லோஃபர். நான் வாசலில் நின்று பார்த்தேன். வராண்டாவில் அவள் நடந்துபோக எல்லாரும் அவள் காலையே பார்த்தார்கள். பொறாமையா? ஆமாம், பொறாமைதான். இன்னா இப்போ?

ஆனால் அவளுக்கு எப்படி நடந்து காட்டுவது என்று தெரியவில்லை, தொம் தொம் என்று போனாள். நான்தான் கூடவே நடந்து சொல்லிக் கொடுத்தேன். குதிகால் முதலில், அப்புறம் உள்ளங்கால், திரும்பும்போது நின்று. ஒரு நழுவல் இல்லை, சாம்பிள் ஜெர்மனிக்குப் போகிறது.

9.10.2025, வியாழன்

ஜெர்மனியிலிருந்து மெயில். நான்தான் திறந்தேன். ஓகே! ஒரு திருத்தமும் இல்லை! ஃபார்வேர்ட் பண்ணவில்லை, பேக்கிங்குக்கு ஓடினேன். வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே என் முகத்தைப் பார்த்துக் கத்திவிட்டார்கள்.

13.10.2025, திங்கள்

மூணாவது லைனில் துணியை எடுத்தாச்சு. வீட்டுக்கு அனுப்பினவர்களையும் கூப்பிட்டுவிட்டார்கள். மெஷின் சத்தத்தில் பேச முடியவில்லை, சைகையிலேயே பேசிக்கொண்டோம்.

25.10.2025, சனி

தீபாவளி பலகாரத்தையும் தாண்டி வந்துவிட்டேன். பாண்டியன் மெஷினில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தை புது மெட்டி வாங்கிக் கொடுத்தார்கள், சின்ன சைஸ். "இதுக்கு மேல இளைச்சின்னா நூல் சுத்திதான் போடணும்" என்று எச்சரிக்கை வேறு.

சாயங்காலம் வாஹித் பாஷா கூப்பிட்டார். மேஜை மேல் அந்த மூணாவது சாம்பிள். செப்டம்பரில் நான் ஓகே சொன்ன, உலகத்தில் வேறு யாருக்கும் ஆகாத ஜோடி. உள்பக்கம் ஓட்டை குத்தியிருந்தது, ரிஜெக்ட் ஆன சாம்பிளை வெளியில் விற்க முடியாதபடி அப்படித்தான் செய்வோம்.

"தூக்கிப் போடணும்னாங்க. ஓட்டை போட்டுட்டேன், ரூல் முடிஞ்சுது. லாஸ்ட்டை உன் காலுக்குன்னே இறக்கினது இது" என்றார். "போட்டுப் பாரும்மா."

எட்டு வருஷமாக எத்தனை ஜோடி போட்டு நடந்திருப்பேன். எல்லாம் ஊர் பேர் தெரியாத பெண்களுக்காக. ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. இதைப் போட்டேன். எழுந்து நின்றேன்.

சீட்டுக்கு வந்தால் மூணாவது லைனிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தது, ஏதோ நூல் கலர் சந்தேகமாம். எடுத்து, வர்றேன் என்று மட்டும் சொல்லிவிட்டு லோஃபரோடு நடந்தேன். குதிகால் நழுவவில்லை.

"மேடம், புது ஷூவா?" என்று லைன் பெண் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

ஆமாம் என்றேன். என்னுது.